ஆடி மாதத்தில் காணாமல் போன வாடிக்கையாளர்

1. ரிஜெக்ட்

ஆரணிக் கிளையில் கணக்குத் திறக்கும் மேஜையில் எனக்கு அது கடைசிக்கு முந்தின வருடம். ஆடி பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் சென்னை பிராசஸிங் சென்டரிலிருந்து ஒரு மெயில் காத்திருந்தது. மரிசெல் என்ற வாடிக்கையாளரின் சேவிங்ஸ் அப்ளிகேஷன் ரிஜெக்ட். காரணம் ஒரே வரி: வாடிக்கையாளர் நாட்டை விட்டுச் சென்றுவிட்டார்.

படித்துவிட்டுத் தலையைத் தூக்கினேன். நாட்டை விட்டுச் சென்றுவிட்ட மரிசெல் எனக்கு நேர் எதிரே கஸ்டமர் பெஞ்சில் உட்கார்ந்து, தூக்குச் சட்டியிலிருந்து கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே சின்ன வெங்காயத்தையும் கடித்துக்கொண்டாள். நான் பார்ப்பதைப் பார்த்து, உங்களுக்கும் வேண்டுமா என்று சட்டியைத் தூக்கிக் காட்டினாள்.

வங்கி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் சிலர் என்னிடம், வாடிக்கையாளர் யாரென்று சரிபார்க்க கே.ஒய்.சி. என்று ஏன் இத்தனை பேஜார் பண்ணுகிறார்கள் என்று கேட்பதுண்டு. சர்க்குலரைப் படியுங்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் சர்க்குலர் எழுதியவர்கள் யாரும் ஆடி மாதத்தில் ஆரணிக்கு வந்தவர்களாகத் தெரியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

2. ஸ்டுடியோக்காரர் வைத்த பொட்டு

மரிசெல் பிலிப்பைன்ஸ்காரி. துபாயில் ஒரு பேக்கரியில் பல வருடம் வேலை பார்த்தவள். நம் ஊர்ப் பையன் தினேஷ் அங்கே லிஃப்ட் மெக்கானிக். பேக்கரி இருந்த கட்டடத்தில் லிஃப்ட் அடிக்கடி ரிப்பேர் ஆனதாம். தானாக ஆனதா, ஆக்கப்பட்டதா என்று நான் விசாரிக்கவில்லை. தை மாதத்தில் ஆரணியில் கல்யாணம் நடந்தது. தினேஷ் துபாய் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டான். அவன் அப்பா வீட்டிலேயே தறி போட்டுப் பட்டுச் சேலை நெய்பவர். அம்மா சரோஜா அம்மாள், காலண்டரில் தாள் கிழிப்பதற்கும் நல்ல நேரம் பார்க்கிறவர்.

மரிசெல்லுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தது இந்த மாமியார்தான். முதல் நாள் அவள் என் மேஜை முன்னால் வந்து நின்றபோது, நான் மனசுக்குள் இங்கிலீஷ் வாக்கியம் ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அதற்குள் அவள், "இன்னா இன்னா பேப்பர் வேணும்னு சொன்னா எடுத்துகினு வரேன் மேடம்" என்றாள். பக்கத்து கவுன்ட்டரில் பணம் எண்ணிக்கொண்டிருந்தவர் எண்ணிக்கையை விட்டுவிட்டார்.

அவளுக்குக் கணக்கு அவசரமாக வேண்டியிருந்தது. துபாயில் அவள் சம்பளம் சேர்த்து வைத்திருந்த வங்கி, வேலையை விட்டவர்களின் கணக்கை ஒரு கெடுவுக்கு மேல் வைத்திருக்காது. ஜூலை முடிவதற்குள் பணத்தை வேறு வங்கிக்கு மாற்றிவிட வேண்டும். அதுவும் அவள் பெயரிலுள்ள கணக்குக்குத்தான் அனுப்புவார்கள். தவறினால் அவளே துபாய்க்கு நேரில் போய் நிற்க வேண்டும். விசா முடிந்தவள் எப்படிப் போவது? அந்தப் பணத்தில் ஓர் ஓவன் வாங்கி, ஆரணியில் சின்னதாக ஒரு பேக்கரி போட வேண்டும் என்பது புருஷன் பெண்டாட்டி இருவரின் திட்டம். தினேஷ் கணக்கிலேயே போட முடிந்தாலும் போட்டிருக்க மாட்டேன் என்றாள். எந்த ஊருக்குப் போனாலும் உன் பெயரில் ஒன்று இருக்கட்டும் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். என் அம்மா எனக்குச் சொன்னதும் அதே வார்த்தைதான். அதனால் அந்த அம்மாவை நான் பார்க்காமலே எனக்குப் பிடித்துப்போயிற்று.

வெளிநாட்டுக்காரர் இங்கே தங்கிக் கணக்குத் திறக்க பாஸ்போர்ட், விசா, போலீஸ் பதிவு, பான் கார்டு என்று ஒரு கட்டு பேப்பர் வேண்டும். மரிசெல் எல்லாவற்றையும் ஆறு மாதத்தில் அலைந்து வாங்கிவிட்டாள். மாட்டிக்கொண்டது போட்டோவில்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்டு வந்தாள். பார்த்தால் நெற்றியில் வட்டமாகப் பொட்டு, கழுத்தில் அகலமான ஆரம், தலையில் இரண்டு பக்கமும் வழிகிற மல்லிகைப் பூ. நிறத்தையும் ஸ்டுடியோக்காரர் இரண்டு மடங்கு ஏற்றியிருந்தார். பாஸ்போர்ட்டில் இருக்கிறவளின் அக்கா மாதிரி இருந்தாள்.

ஸ்டுடியோவுக்கு போன் போட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "கல்யாணமாகி வந்த பொண்ணு மேடம், வெறும் நெத்தியா கீது. பாக்கவே நல்லா இல்ல. கம்ப்யூட்டர்ல வெச்சேன். அதுக்குத் தனியா துட்டு கூட வாங்கல" என்றார். பொட்டை எடுத்துவிட்டுப் பழைய முகத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். மனசே இல்லாமல் கொடுத்தார்.

ஆனி கடைசியில் அப்ளிகேஷன் போயிற்று. ஆடிக்கு முன்னால் போய்விட்டதில் சரோஜா அம்மாளுக்கு நிம்மதி. ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது, ஆனியில் தொடங்கியது ஆடியில் முடிந்தால் பரவாயில்லை என்று எனக்கே விளக்கம் சொன்னார்.

3. ராகேஷ் போய்ப் பார்த்தது

இப்போது அந்த ரிஜெக்ட்டுக்கு வருகிறேன்.

அப்ளிகேஷன் போனால் மட்டும் போதாது. கிளையிலிருந்து ஓர் ஆபீஸர் அந்த விலாசத்துக்கு நேரில் போய், ஆள் அங்கே வசிக்கிறாரா என்று பார்த்து ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். இதற்கு அட்ரஸ் வெரிஃபிகேஷன் என்று பெயர். எங்கள் கிளையில் அந்த வேலை அசிஸ்டென்ட் மேனேஜர் ராகேஷுடையது. பீகார்ப் பிள்ளை. ஆரணிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வேலையில் சுத்தம். பார்க்காததைப் பார்த்ததாக எழுதச் சொன்னால் மேனேஜராக இருந்தாலும் மாட்டேன் என்பார்.

மெயிலைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்குப் போனேன். என்ன சார் எழுதினீர்கள் என்று கேட்டேன். அவர் தன் ரிப்போர்ட்டைத் திறந்து நடந்ததை வரிசையாகச் சொன்னார்.

ஆடி பிறந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவர் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். தினேஷும் சரோஜா அம்மாளும் வெளியே போயிருந்தார்கள். தினேஷின் அப்பா தறியில் உட்கார்ந்திருந்தார். மரிசெல் எங்கே என்று கேட்டதற்கு, நெய்கிற கையை நிறுத்தாமல், "பொண்ணு அம்மா வூட்டுக்குப் போயிருக்குது. இப்ப வராது" என்றிருக்கிறார். ராகேஷ் அதோடு விடவில்லை. அவள் பெட்டி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இல்லை. செருப்பு இருக்கிறதா? இல்லை. பக்கத்து வீட்டுக்காரரை விசாரித்தால், சீர்த்தட்டெல்லாம் கொண்டுவந்து, பெட்டியோடு ஆட்டோவில் ஏற்றி அழைத்துப் போனார்களே, பார்க்கவே கண் நிறைந்திருந்தது என்றிருக்கிறார்.

அவள் அம்மா வீடு எங்கே என்று ராகேஷ் பாஸ்போர்ட் நகலைப் பார்த்தார். பிலிப்பைன்ஸ். எழுதிவிட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு வரியும் கேட்டது கேட்டபடி, பார்த்தது பார்த்தபடி இருந்தது. சரி சார், பெஞ்சில் கூழ் குடிக்கிறது யார் என்று மட்டும் கேட்டேன். எட்டிப் பார்த்தார். அந்த நிமிஷம் அவர் முகம் போன போக்கை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

4. மரிசெல் கேட்ட கேள்வி

கணக்கு ஆகிவிட்டதா என்று கேட்க வந்திருந்த மரிசெல்லைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னோம். சட்டியை மூடிக் கீழே வைத்தாள். அப்புறம் குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"துபாய்ல, விசா முடிஞ்சிடுச்சி, போன்னாங்க. சரின்னு வந்தேன். எங்க ஊர்ல எங்கம்மா, கல்யாணம் ஆயிடுச்சி, இனிமே அது தான் உன் வூடுன்னு சொல்லிச்சு. சரின்னேன். இப்ப நீங்க, இங்கயும் நான் இல்லன்றீங்க. அப்ப நான் எங்க கீறேன் மேடம்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆபீஸில் அழுது பழக்கமில்லாததால் டிராயரைத் திறந்து ஸ்டேப்லரைத் தேடினேன். ஸ்டேப்லர் மேஜை மேலேயே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவள் கையைக் கவனித்தேன். பத்து விரலும் நல்ல அரக்கு நிறம். ஆரணியில் பிறந்தவளுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற வீட்டில் இருந்தால் மட்டும்தான் விரல் அப்படி ஆகும். தினேஷ் வீட்டில் தறிதான் உண்டு, சாயம் கிடையாது. எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். "கன்னியம்மா அம்மா வூட்ல. மூணாவது தெரு" என்றாள்.

நூல் அங்கே அறுந்திருந்தது. கல்யாணத்துக்கு மரிசெல்லின் அப்பா அம்மாவால் வர முடியவில்லை. பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க யாராவது வேண்டுமே. சாயம் போடும் ஏழுமலையும் அவர் மனைவி கன்னியம்மாவும் நாங்கள் கொடுக்கிறோம் என்று மணையில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு இரண்டும் பையன்கள். மணையில் உட்கார்ந்ததோடு முடிந்தது என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். கன்னியம்மா அப்படி நினைக்கவில்லை. ஆடி முதல் நாள் சீர்த்தட்டோடு வந்து மகளையும் மாப்பிள்ளையையும் விருந்துக்கு அழைத்துப் போய், மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டு, மகளை ஆடி முடியும்வரை வைத்துக்கொண்டார். புதுப் பெண் தலை ஆடிக்குத் தாய்வீட்டில் இருக்க வேண்டும் அல்லவா. ஆடிக்குக் கூப்பிடாத மாமியார் என்று நாளைக்கு ஊர் என்னைச் சொல்லக் கூடாது என்றாராம்.

நான் இதை ராகேஷுக்கு விளக்கத் தொடங்கினேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். "மேடம், இது எனக்குத் தெரியும். எங்க ஊர்ல இதே சமயம் சாவன் மாசம். எங்க அக்காவும் அம்மா வீட்டுக்கு வருவாங்க, ஊஞ்சல் கட்டுவோம்" என்றார். தெரிந்த வழக்கம்தான். பிலிப்பைன்ஸ்காரிக்கு ஆரணியில் மூன்றாவது தெருவில் ஒரு தாய்வீடு இருக்கும் என்பதுதான் அவருக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் கேட்டவர் யாருக்கும் தோன்றியிருக்காது.

5. யார் போக வேண்டும்?

மீண்டும் வெரிஃபிகேஷன் செய்ய சென்டரில் அனுமதி கொடுத்தார்கள். ஆனால் மரிசெல்லின் போலீஸ் பதிவில் இருப்பது மாமியார் வீட்டு விலாசம். அங்கேதான் அவளைப் பார்க்க வேண்டும். ஆடி முடிய இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது. ஜூலை முடிய ஒரு வாரம்.

ஒரு மணி நேரம் மட்டும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்றார் மேனேஜர். ராகேஷ் ஒப்புக்கொள்ளவில்லை. வசிக்கிறார் என்று எழுத வேண்டுமானால் வசிக்க வேண்டும், பெட்டி செருப்போடு அங்கே இருக்க வேண்டும் என்றார். ஒரு முறை சூடு பட்டவர். மேனேஜருக்கு எரிச்சல். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருந்தது, ஆனால் வேலை எனக்கல்லவா வந்து விடிந்தது.

அன்று சாயந்திரம் ராகேஷும் நானும் சரோஜா அம்மாள் வீட்டுக்குப் போனோம். காபி வந்தது. விஷயத்தைச் சொன்னதும் காபி கொடுத்த முகம் மாறிவிட்டது. சீர் வைத்து அனுப்பிய பெண்ணை ஆடி நடுவில் திரும்ப அழைத்து வருவதாவது. புருஷன் பெண்டாட்டி ஒரே வீட்டில் இருந்து, சித்திரையில் குழந்தை பிறந்தால் யார் பதில் சொல்வது என்று என்னைக் கேட்டார். ஒரு வங்கி ஊழியரிடம் அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது.

பணம் முடங்கிவிடும் என்றேன். "எங்களுக்கு அவ துட்டு ஒண்ணும் வேணாங்க. பொண்ணு வந்தா போதும்னு தான் கட்டிகினு வந்தோம்" என்றார். அவர் சொன்னது உண்மைதான்.

நான் சொன்னேன்: "உங்களுக்கு வேணாம்மா. அவளுக்கு வேணும். அவ பேர்ல இந்த ஊர்ல எதுவுமே இல்ல. இது ஒண்ணாவது இருக்கட்டும்."

உள்ளே தறிச் சத்தம் நின்றது. தினேஷின் அப்பா காதைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆனால் அந்த வீட்டில் ஆடி சமாச்சாரம் சரோஜா அம்மாள் துறை. அந்த அம்மாள் காலண்டரைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். ஓரமாக நின்றுகொண்டிருந்த மகனைப் பார்த்தார். அங்கேயே கண் நின்றது.

"ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கக் கூடாது. அவ்ளோ தான?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். "பொண்ணு வரட்டும். இவன் போவட்டும்."

எங்கே என்று தினேஷ் கேட்டான். "உன் மாமியா வூட்டுக்கு" என்றார் சரோஜா அம்மாள். உள்ளே தறிச் சத்தம் மறுபடி கேட்டது. இந்த முறை கொஞ்சம் ஜல்தியாக.

மறுநாள் காலை நல்ல நேரத்தில் மரிசெல் பெட்டியோடு மாமியார் வீட்டுக்கு வந்தாள். அதே ஆட்டோவில் தினேஷ் ஒரு பையோடு கன்னியம்மா வீட்டுக்குப் போனான். கன்னியம்மாவுக்கு மகள் போனதில் வருத்தம்தான். ஆனால் மாப்பிள்ளை சும்மா கிடைத்தால் விடுவாரா? நூல் பிழியச் சொல்லிவிட்டார். இரண்டே நாளில் தினேஷின் விரலும் அரக்கு நிறமானது.

ராகேஷ் எந்த நாள் போகலாம் என்று கேட்டார். எந்த நாள் வேண்டுமானாலும் போங்கள், வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள் என்றேன். ஆடி வெள்ளியில் தெருவே படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்குக் கிளம்பிவிடும். போகிற பஸ் குறைவு, திரும்புகிற பஸ் அதைவிடக் குறைவு. பூட்டிய வீட்டைப் பார்த்து மறுபடி எதையாவது எழுதிவைக்கப் போகிறார் என்று எனக்குப் பயம்.

வியாழக்கிழமை போனார். இந்த முறை நானும் கூடப் போனேன். மரிசெல் சமையலறையில் மாமியாருக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்பு. அறையில் பெட்டி. ராகேஷ் எல்லாவற்றையும் பார்த்தார். அப்புறம், அந்த இன்னொரு வீட்டையும் பார்க்க வேண்டும் என்றார். அது ரூலில் இல்லை. முதல் ரிப்போர்ட்டில் தாய்வீடு என்று எழுதிவிட்டேன், எது என்று பார்த்தால்தான் எனக்குத் திருப்தி என்றார்.

கன்னியம்மா வீட்டில் போன் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் பிலிப்பைன்ஸ் அம்மா. இரண்டு அம்மாக்களுக்கும் பொதுவான ஒரு வார்த்தைகூடக் கிடையாது. கன்னியம்மா சாயம் போட்ட நூலைத் தூக்கிக் காட்டுவார், அந்த அம்மா தலையாட்டுவார். மாப்பிள்ளை பிழிகிற லட்சணத்தைக் காட்டுவார், இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள். ராகேஷ் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே வந்து தன் அக்காவுக்கு போன் செய்தார்.

அவர் எழுதிய ரிப்போர்ட்டை நான் அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்: "வாடிக்கையாளரை நேரில் பார்த்தேன். கணவர் வீட்டில் வசிக்கிறார். முன்பு தாய்வீட்டுக்குச் சென்றதாக எழுதியது சரி. நாட்டை விட்டுச் சென்றதாக எழுதியது தவறு. தாய்வீடு மூன்றாவது தெருவில் உள்ளது. வாடிக்கையாளருக்கு ஆரணியில் இரண்டு வீடுகள்."

சென்டரிலிருந்து ஒரு பெண் எனக்கு போன் செய்து, இரண்டு வீடு என்றால் எந்த விலாசத்தைப் போடுவது என்று கேட்டாள். கல்யாணம் ஆகிவிட்டதா என்று அவளைக் கேட்டேன். ஆகிவிட்டது என்றாள். "அப்ப உனக்கும் ரெண்டு வீடுதானம்மா. நீ எதப் போட்டயோ அதையே போடு" என்றேன். சிரித்துக்கொண்டே அப்ரூவ் செய்தாள்.

ஜூலை முடிவதற்குள் பணம் வந்து சேர்ந்தது. பாஸ்புக்கில் பெயரைப் பார்த்துவிட்டு மரிசெல் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அரக்குக் கறை இன்னும் முழுதாகப் போகவில்லை. அட்டையில் பட்டால் படட்டும் என்று விட்டுவிட்டேன்.

6. அடுத்த ஆடி

மறுவருடம், நான் ரிட்டயர் ஆகச் சில மாதம் இருக்கும்போது, ஆனி கடைசியில் சரோஜா அம்மாளும் மரிசெல்லும் ஒன்றாக வந்தார்கள். மரிசெல் கையில் ஒரு டப்பா நிறைய பன். ஓவன் வந்து பேக்கரி ஓட ஆரம்பித்திருந்தது. பன்னை எல்லா மேஜைக்கும் கொடுத்தாள். ராகேஷுக்கு மட்டும் இரண்டு.

சரோஜா அம்மாளுக்கு ஒரு புகார் இருந்தது. "தலை ஆடிக்கு மட்டும் தான் போவணும்னு சொன்னா கேக்கவே மாட்டேன்றா மேடம். இந்த ஆடிக்கும் போயே தீருவேன்றா. அந்தக் கன்னியம்மா வேற ஊஞ்சல் கட்டிகினு உக்காந்துகினு கீது" என்றார். புகார் சொல்கிற குரலில் பெருமைதான் அதிகம். ஊஞ்சல் யோசனை யாருடையது என்று ராகேஷைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கம்ப்யூட்டரில் மும்முரமாக இருந்தார்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வருவது இதுதான். வெரிஃபிகேஷனுக்குப் போனால் ஆள் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். இல்லை என்றால் எங்கே, யார் வீட்டில், எப்போது வருவார் என்று கேளுங்கள். ஒருவர் ஊரில் இல்லை என்று எழுத ஒரு வரி போதும். அவரை ஊருக்குள் திரும்பக் கொண்டுவர ஒரு மாப்பிள்ளையை வீட்டை விட்டு அனுப்ப வேண்டியிருக்கும்.

நான் சொல்லாமலே இதைக் கற்றுக்கொண்டவள் மரிசெல்தான். மாமியார் புகாரை முடித்ததும் அவள் என் மேஜைக்கு வந்து, அட்ரஸ் மாற்றுகிற ஃபாரம் ஒன்று கொடுங்கள் என்றாள். எதற்கு என்று கேட்டேன்.

"ஒரு மாசம் எங்கம்மா வூட்ல இருப்பேன் மேடம். மூணாவது தெரு. இப்பவே எழுதிக் குடுத்துடறேன். அப்புறம் நான் நாட்ட வுட்டுப் போயிட்டேன்னு நீங்க எழுதிடுவீங்க."